சைக்கிள் விபத்து: தலையைக் காப்பதும் உடல் தேறுவதும்



நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கும் டியூஷனுக்கும் மதரஸாவுக்கும் சைக்கிளில்தான் போய் வருகிறார்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 11-ம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிளும் கிடைக்கிறது. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்பதால், பயமும் வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பைக்கில் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிளை அது தொடவில்லை. சட்டம் கேட்காத இடத்தில் குடும்பம்தான் கேட்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

1. மெதுவாகப் போனாலும் ஏன் ஆபத்து?

"பையன் மெதுவாத்தான் ஓட்டுவான்" என்பது வழக்கமான பதில். சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் ஓடாமல் நின்றிருந்தாலும், அந்த உயரத்திலிருந்து நேராக விழும் தலை மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வண்டியின் வேகம் அதற்கு மேல்தான் சேர்கிறது. தார்ச்சாலை கொஞ்சமும் உள்வாங்காது. அடி முழுவதையும் மண்டை ஓடும் உள்ளே இருக்கும் மூளையும் தாங்க வேண்டியிருக்கிறது.

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரைப்பகுதி அந்த நொடியில் நசுங்குகிறது. நசுங்கும்போது அடியின் விசையைத் தான் வாங்கிக்கொண்டு, தலை நிற்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் தருகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான்; ஆனால் உயிருக்கும் உயிரிழப்புக்கும் நடுவே நிற்பது பல சமயம் அந்தச் சிறு நேரம்தான். ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் பெரிய அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

2. இந்த அறிவு எப்படி வந்தது?

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று வரலாற்றில் படித்திருப்போம். அந்த ஆங்கிலேய அதிகாரி 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்கத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19 அன்று இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை 1941-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

சைக்கிளுக்கு இந்தப் பாடம் தாமதமாக வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-ல் சைக்கிள் ஓட்டிகளுக்கும் ஹெல்மெட் சட்டம் கொண்டுவந்தது. 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விபத்தில் சிக்கிய 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் விவரங்கள் அவற்றில் இருந்தன. ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவாக இருந்தது.

"நெதர்லாந்தில் யாரும் போடுவதில்லையே" என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். உண்மைதான். அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. நம் பிள்ளைகள் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே ஓட்டுகிறார்கள்.

3. வாங்கும்போதும் போடும்போதும்

பைக்குக்கு வாங்கும் ஹெல்மெட் கனமானது, வியர்க்கும். பிள்ளைகள் இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவார்கள். சைக்கிளுக்கென்று காற்றோட்டத் துளைகளுடன் இலேசான ஹெல்மெட் கிடைக்கிறது. உள்ளே இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "வளர்ற பிள்ளை" என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். சட்டை விஷயத்தில் சரி, இதில் சரியல்ல.

போட்டபின் மூன்றைச் சோதியுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஹெல்மெட்டின் விளிம்பு இருக்க வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே ஒன்று சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும்.

தொப்பியோடு போகும் மாணவர்கள் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தபின் அணியட்டும். மாணவிகள் மெல்லிய பருத்தித் துணியில் உள் ஹிஜாப் அணிந்து அதன் மேல் ஹெல்மெட் போடலாம். ஹெல்மெட்டுக்குள் குண்டூசி, கிளிப், தடித்த முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது. அளவு பார்க்கும்போது ஹிஜாபோடு சேர்த்தே பாருங்கள்.

4. விழுந்துவிட்டால்

நம் பகுதியில் 13 வயது மாணவன் ஒருவன் டியூஷனிலிருந்து திரும்பும்போது நாய் குறுக்கே வந்து விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. தானே எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தபோது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினார்கள். அவனுடைய ராத்தாதான் கவனித்தார். "வாப்பா, சைக்கிள் எங்கேன்னு இவன் நாலாவது தடவையா கேக்குறான். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். ஸ்கேனில் மூளையைச் சுற்றிச் சிறிய ரத்தக்கசிவு தெரிந்தது. ஐந்து நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விடியட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் குடும்பம் இன்றும் பேசுகிறது.

தலையில் அடிபட்டபின் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்:

- சிறிது நேரமாவது நினைவு தப்புதல், வலிப்பு
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
- குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம்
- கை கால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாதல்
- காது, மூக்கிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

வீட்டில் முதியவர்கள் விழுந்தால் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்கு ரத்தக்கசிவு மெல்ல மெல்லச் சேர்ந்து, சில வாரம் கழித்துக்கூட அறிகுறி காட்டலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று: கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சிறு தழும்பே தெரிந்தாலும் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ காயப்பட்டிருக்கலாம். வயிற்றுவலி கூடினால் உடனே கொண்டுபோங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி திணிக்காதீர்கள். காயத்தில் காபித்தூள் அப்பாதீர்கள். கழுத்து வலி சொல்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். உதவி செய்தால் வழக்கில் மாட்டுவோம் என்ற பயமும் வேண்டாம். உதவ வருபவருக்கு 2019 சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தந்திருக்கிறது.

5. தேறி வரும் காலம்

சைக்கிளிலிருந்து விழும்போது அடிக்கடி முறிவது காறை எலும்பும் மணிக்கட்டும். எக்ஸ்ரே எடுக்காமல் நாட்டுக் கட்டுப் போடாதீர்கள். கட்டுப் போட்ட கையில் விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ, கட்டு இறுக்கம் என்று பொருள். இரவானாலும் போய்க் காட்டுங்கள்.

எலும்பு சேர்வதைப் படத்தில் பார்க்கலாம். மூளை தேறுவதை அப்படிப் பார்க்க முடியாது. மேலே சொன்ன மாணவன் வீடு திரும்பியபின்னும் பல நாள் வெளிச்சம் கண்ணைக் கூசியது, பத்து நிமிடம் படித்தால் தலை வலித்தது. "நடிக்கிறான்" என்று சொன்னவர்களும் உண்டு. அது நடிப்பல்ல, காயத்தின் பகுதி. மூளை அதிர்ச்சிக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் நல்ல ஓய்வு, செல்போனும் டிவியும் குறைவு, பிறகு சிறிது சிறிதாக நடை, படிப்பு, பள்ளி என்பதே முறை. முழுதாகத் தேறும்முன் விளையாட்டும் சைக்கிளும் வேண்டாம். முதல் காயம் ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. பள்ளிக்கு மருத்துவரின் கடிதத்தோடு போய் ஆசிரியரிடம் விளக்குங்கள்.

குனிந்தால் தலை சுற்றுகிறவர் சஜ்தாவை எண்ணிக் கலங்க வேண்டாம். நோயாளி உட்கார்ந்தோ சைகையாலோ தொழவும், கட்டின் மேல் ஈரக்கையால் தடவி ஒளுச் செய்யவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விவரத்தை நம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. "நடப்பது நடக்கும்" என்பவர்களுக்கு

தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று சிறுவயதில் மதரஸாவில் படித்தோம். இரவில் கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறோம். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டுவதும் அதே செயல்தான். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

- நம் வீட்டில் யார் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? எந்தச் சாலையில், எந்த நேரத்தில்?
- பிரேக், மணி, பின்புறச் சிவப்பு ஒளிப்பான் சரியாக இருக்கின்றனவா?
- விழுந்தால், திட்டுக்குப் பயந்து மறைக்காமல் வீட்டில் சொல்லும் தைரியம் நம் பிள்ளைக்கு இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் முன்னிலையிலேயே பதில் சொல்லுங்கள். "சைக்கிள் உடைஞ்சாப் பரவாயில்லை, விழுந்தா உடனே சொல்லு" என்று உம்மாவும் வாப்பாவும் இன்றிரவே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.