பொத்தானை அழுத்துவதற்கு முன்னால்

மடியிலிருந்து வரும்போது பால் ஏறத்தாழ 37 டிகிரி சூடு. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் சொசைட்டியில் ஊற்றுகிற பாலை 4 டிகிரிக்கு இறக்கினால்தான் அது ஊர் தாண்டும். பல குளிரூட்டும் நிலையங்களில் அந்த வேலையைச் செய்வது ஐஸ் தண்ணீர். அதைத் தரும் தொட்டியைப் பால் நிலையத்துக்காரர்கள் ஐஸ் பேங்க் என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் ஆலையிலும் அதன் பங்காளி ஒருவர் இருக்கிறார், சில்லர். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது, 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. பெரிய கட்டடங்கள் வர வர, ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்த நம் பையன்களுக்கு இந்த மெஷின் ரூம் வேலையும் வரும். வேலையோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கைமாறும். அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

“நூறு டன் சில்லர்னா நூறு டன் வெயிட்டா?”

இல்லை தம்பி. கம்ப்ரசர் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள்; இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். அந்தக் கணக்கே அலகாக நின்றுவிட்டது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். நூறு டன் சில்லர் 350 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீரிலிருந்து பிடுங்கும். அந்தத் தண்ணீர் ஓடாமல் நின்றால் என்ன ஆகும்?

“ஃப்ளோ சுவிட்ச் சும்மா சும்மா ட்ரிப் ஆகுது, வயரை லூப் பண்ணிட்டேன்.”

நான் கேட்டதிலேயே விலை உயர்ந்த வாக்கியம் இது. தண்ணீர் ஓட்டம் நின்றால் கம்ப்ரசரை நிறுத்துவதுதான் அந்த சுவிட்சின் வேலை; வயரை லூப் பண்ணினால் அந்தக் காவல் போய்விடும். சில்லரில் சாதாரணமாகத் தண்ணீர் 12 டிகிரியில் உள்ளே போய் 7 டிகிரியில் வெளியே வரும். ஓட்டம் நின்றால் குழாயில் இருக்கும் தண்ணீர் சில நிமிடங்களிலேயே உறைந்துவிடும். உறைகிற தண்ணீர் ஒன்பது சதவீதம் பருக்கும். மெல்லிய செப்புக் குழாய் அதைத் தாங்காமல் வெடிக்கும். வெடித்த வழியாகத் தண்ணீர் கேஸ் பக்கம் புகுந்து, எண்ணெயில் கலந்து, கம்ப்ரசர்வரை போய்விடும். அதன்பிறகு அது ரிப்பேர் செலவு அல்ல, ஏறக்குறைய புது மெஷின் செலவு.

பால் நிலையத்தில் பழகிய கைகள் ஏன் இந்தத் தவறைச் செய்கின்றன என்று யோசித்திருக்கிறேன். ஐஸ் பேங்க்கில் ஐஸ் கட்டுவது நல்லது, அதற்குத்தான் அந்தத் தொட்டியே. அங்கே காயிலுக்கு வெளியே, திறந்த தண்ணீரில் ஐஸ் கட்டுகிறது. பருக்க இடம் இருக்கிறது. சில்லரில் தண்ணீர் பெரும்பாலும் குழாய்க்கு உள்ளே ஓடுகிறது. ஒரு இடத்தில் சம்பாத்தியமாக இருந்த ஐஸ் இன்னொரு இடத்தில் எமன்.

அதனால் வரிசை மாறக் கூடாது. முதலில் குளிர் தண்ணீர் பம்பு, பிறகு கண்டென்சர் பம்பு, கூலிங் டவர் ஃபேன். வால்வுகள் திறந்திருக்கின்றனவா, உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு, கடைசியாகத்தான் கம்ப்ரசர். நிறுத்தும்போது தலைகீழ்: கம்ப்ரசர் முதலில், பம்பு சில நிமிடம் கழித்து. சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆனால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி அங்கே சேறாக உட்கார்ந்திருக்கும்.

“தண்ணி வருதே, பம்பு சரியாத்தான் ஓடுது.”

லைன் வேலை முடிந்து கரண்ட் வரும்போது ஃபேஸ் இடம் மாறி வருவது உண்டு. சென்ட்ரிஃபியூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ளும், குறைவாகத் தள்ளும். ஏமாற்றுவதே அதுதான். தண்ணீர் வருவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், பம்பின் மேல் இருக்கும் அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒத்துப் பாருங்கள். ஸ்க்ரூ கம்ப்ரசர் பம்பு மாதிரி பொறுத்துக்கொள்ளாது. தலைகீழாகச் சில நொடிகள் ஓடினாலே ரோட்டர் காயப்படும். பேனலில் இருக்கும் ஃபேஸ் ரிலே அதற்காகத்தான். அதையும் லூப் பண்ணிய ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும்.

“கல்வராயன் மலைப் பக்கம், மார்கழிக் குளிரு. ஹீட்டர் எதுக்கு, கரண்டுதான் தண்டம்.”

குளிர வைக்கிற மெஷினுக்குள் ஹீட்டரா என்று சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் வெள்ளிமலையானாலும் கச்சிராயபாளையத்து அடிவாரமானாலும், ஊர் குளிரக் குளிர ஆயில் ஹீட்டருக்கு வேலை கூடுகிறதே தவிர குறைவதில்லை. நின்றிருக்கும் சில்லரில் கேஸ் குளிர்ந்த இடம் தேடிப் போகும், எண்ணெயில் கரைந்து உட்காரும். அந்த நிலையில் கம்ப்ரசரைப் போட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும். கரைந்த கேஸ் கொதித்துக் கிளம்பும். எண்ணெய் அடுப்பில் மறந்த பால் மாதிரி நுரைத்துப் பொங்கும். பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெய் நுரையாகப் போகும். நீண்ட நாள் நின்ற மெஷினுக்கு 24 மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டுவைக்கச் சொல்வது இதனால்தான். ராத்திரி மெயினை அணைத்து மிச்சம் பிடிப்பவர்கள் ஹீட்டருக்குத் தனி லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைக்கட்டும்.

“செட் பாயிண்ட்டை இறக்கி வெச்சா சீக்கிரம் குளிரும்.”

குளிராது. ஏழில் வைத்தாலும் நாலில் வைத்தாலும் கம்ப்ரசர் தன் முழு பலத்துக்கு மேல் ஓடாது. நாலில் வைத்தால் உறையும் எல்லைக்கு அருகே போகும், கரண்டும் கூடும், அவ்வளவே.

“கேஸ் லீக் ஆனா நாத்தம் வரும், கண்டுபிடிச்சிடலாம்.”

அமோனியாவுக்கு இது பாதி உண்மை. கொஞ்சம் கசிந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வைக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயில் கசிந்த அமோனியா ஊரையே வீதிக்கு விரட்டியது நினைவிருக்கும். பல ஏ.சி. சில்லர்களில் இருக்கும் ஆர்-134ஏ அப்படி இல்லை. வாசனையே தெரியாது. காற்றைவிடக் கனம். தாழ்ந்த மெஷின் ரூமில் தரையோடு தேங்கி, மூச்சுக்கு வேண்டிய காற்றை ஒதுக்கிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, லீக் டிடெக்டர் விளக்கைப் பார்த்து, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

“கரண்ட் வந்துடுச்சு, ரீசெட்டை அடி!”

எல்லாத் தவறும் ஒன்று சேரும் நேரம் இது. வாசலில் பால் வண்டி நிற்கிறது, இல்லை வார்டில் வியர்க்கிறது. மோட்டாரை நேரடியாகப் போட்டால் ஓட்டத்தில் இழுப்பதைப்போல ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்டார்-டெல்டாவில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் வைண்டிங்கைச் சூடாக்குகிறது, சூடு ஆறும் முன் அடுத்தது வந்தால் இன்சுலேஷன் கருகும். பெரிய மெஷின்களில் ஒரு ஸ்டார்ட்டுக்கும் அடுத்ததற்கும் இருபது முப்பது நிமிட இடைவெளி வைக்கும் டைமர் அதற்காகத்தான் இருக்கிறது. இருமுறை ட்ரிப் ஆனால் மூன்றாம் முறை ரீசெட் வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்.

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரண்ட் வந்த முதல் அரை மணி நேரம் ஆபரேட்டருக்கு போன் போட்டு “இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.