மஞ்சள் ரோஜாவும் கரும்புள்ளி நோயும்
(இளம் அறிவியல் தாவரவியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற ஐப்பசி அடைமழைக்குப் பின் எங்கள் வீட்டு மஞ்சள் ரோஜா இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. இரண்டடி தள்ளியிருந்த சிவப்பு ரோஜாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளே. ஒரே மண், ஒரே எரு, ஒரே மழை. பின் ஏன் இந்த வேறுபாடு?

உதிர்ந்த இலையில் மைத்துளி ஊறிப் பரவினாற்போன்ற கரும்புள்ளிகள். சுற்றிலும் மஞ்சள் நிறம். இது ‘டிப்ளோகார்ப்பான் ரோசே’ என்னும் பூஞ்சையின் வேலை. மழைத்துளி தெறிக்கும்போது இதன் வித்துகள் இலைக்கு இலை தாவுகின்றன. இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாயிருந்தால் உள்ளே நுழைந்துவிடும். சாம்பல் நோயின் போக்கோ வேறு: இலைமேல் நீர் நின்றால் அதன் வித்து சரிவர முளைப்பதில்லை!

இனி மஞ்சளின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலப்பின ரோஜாக்களில் அடர்மஞ்சள் கிடையாது. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் பெர்னே-டுஷே என்பவர் ‘பாரசீக மஞ்சள்’ ரோஜாவின் மகரந்தத்தைத் தோட்ட ரோஜாக்களில் இட்டுப் பல ஆண்டுகள் முயன்றார். பெரும்பாலும் தோல்விதான். இறுதியில் 1900இல் ‘சொலேய் தோர்’ வெளிவந்தது. பிற்கால மஞ்சள், செம்மஞ்சள் ரோஜாக்கள் பலவும் அதன் வழி வந்தவையே. நிறத்தோடு நோய்க்கு எளிதில் இரையாகும் இயல்பும் சேர்ந்தே வந்தது. வறண்ட மேற்கு ஆசியாவில் வளர்ந்த அந்த மூதாதைக்கு ஈரத்தில் வாழும் பூஞ்சையை எதிர்க்கும் தேவை ஏற்படவில்லை போலும்.

கிழக்காசியக் கடற்கரைகளில் வளரும் ‘ரோசா ருகோசா’வோ இந்நோயை நன்கு தாங்குகிறது. அதன் தடித்த, சுருக்கமுள்ள இலையைப் பார்த்துத் தடிப்பே காப்பு என்று நானும் எண்ணினேன். ஆனால் ‘ரோசா மல்டிபுளோரா’வில் ஒற்றை மரபணுவே இப்பூஞ்சையின் பல வகைகளைத் தடுப்பது கண்டறியப்பட்டுள்ளது. ‘பல வகைகளை’ என்பதைக் கவனிக்க வேண்டும், எல்லாவற்றையும் அன்று. பூஞ்சையிலும் பல இனங்கள் உண்டு. ஆகவே ஓரூரில் தப்பும் ரோஜா வேற்றூரில் வீழலாம். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் வெளிவந்த ‘நாக் அவுட்’ கரும்புள்ளியை நன்கு எதிர்க்கிறது; ஆயினும் செர்க்கோஸ்போரா இலைப்புள்ளி அதையும் விடுவதில்லை.

உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்தேன். பூஞ்சை அவற்றில் தங்கியிருந்து மீண்டும் தொற்றும். மாலையில் செடியின் தலையில் நீர் ஊற்றும் வழக்கத்தை விட்டு, காலையில் வேரடியில் ஊற்றுகிறோம். தை பிறந்ததும் மஞ்சள் ரோஜா துளிர்த்தது. அடுத்த ஐப்பசிக்கு அதைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.