84 வயதில் பைபாஸ் தாங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 84. நாலு எட்டு வைத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்கிறார். ஆஞ்சியோவில் இடது பிரதானக் குழாயிலும் வேறு இரண்டு குழாய்களிலும் அடைப்பு. டாக்டர் பைபாஸ் செய்யலாம் என்கிறார். உறவினர்களோ, “இந்த வயசில் நெஞ்சைப் பிளக்கணுமா?” என்கிறார்கள். எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது, டாக்டர்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: 84 என்பதை மட்டும் பார்த்து வேண்டாம் என்றுவிடாதீர்கள். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறுமாகத் தளர்ந்துபோன 65 வயதுக்காரரைவிட, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் 84 வயதுக்காரர் நன்றாகத் தேறிவிடுவதுண்டு. முதியவர்களிடம் நாங்கள் கவனிப்பது நடையை. 5 மீட்டர் நடக்க 6 விநாடிக்கு மேல் ஆகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் அப்பாவின் நடையை இப்போது வலியே தடுக்கிறது. அதனால், வலி வருவதற்கு முன் எப்படி இருந்தார் என்று யோசியுங்கள். கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்வந்தாரா? மருந்தைத் தானே எடுத்துக்கொண்டாரா? ஞாபகம் தெளிவாக இருந்ததா?

கடிதத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது, உறவினர் சொன்னது இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார்? பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள். வலியில்லாமல் நடமாடினால் போதும் என்பவருக்கும், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. அடைப்பின் அமைப்பைப் பொறுத்து ஸ்டென்ட் வைக்க வழியுண்டா என்றும் விசாரியுங்கள்.

பைபாஸ்தான் என்றால், முன்னதாகப் பெருந்தமனியை சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. முதியவர்களுக்கு அதில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம்; கிளாம்ப் (இடுக்கி) போடும்போது துகள் பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அப்படிப் படிந்திருந்தால், இதயத்தை நிறுத்தாமல், பெருந்தமனியையும் தொடாமல் செய்யும் முறை இருக்கிறது.

தேறும் காலத்தைத்தான் குடும்பங்கள் குறைத்து மதிப்பிடுகின்றன. இதய அறுவை சிகிச்சையின் முன்னோடி மைக்கேல் டிபேக்கி, 2006-இல் தம் 97-ஆம் வயதில் பெருந்தமனிக் கிழிசலுக்கு அறுவை செய்துகொண்டு பிழைத்தார்; ஆனால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பைபாஸுக்கு அவ்வளவு ஆகாது. என்றாலும் நெஞ்செலும்பு கூட 6 முதல் 8 வாரம், பழைய தெம்பு வர மூன்று மாதமோ அதற்கு மேலுமோ பிடிக்கும். உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இன்னொன்று. ஐ.சி.யூ.வில் சில நாள் அவர் பிதற்றலாம், உங்களையே யாரென்று கேட்கலாம். பயப்படாதீர்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இருந்தால் எடுத்துப் போங்கள். நினைவு திரும்பியதும் போட்டுவிடச் சொல்லுங்கள். அனுமதிக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, வீட்டில் யார் வந்தார்கள் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள்.