குறைந்த செலவில் வீடு: கை வைக்க வேண்டிய இடங்களும் கூடாத இடங்களும்

பட்ஜெட் இடிக்கிறது என்றால் நம்மில் பலர் முதலில் கை வைப்பது கம்பியிலும் சிமெண்டிலும்தான். ஆனால் பணம் வீணாவது பூச்சிலும் மரத்திலும் தேவையில்லாத கான்கிரீட்டிலும். சொந்த மனை இருந்து, கையில் அதிகம் இல்லாதவர்களுக்கான குறிப்புகள் இவை.

1. வானம் தோண்டுவதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். அதிலும் மனை கரிசல் மண்ணாக இருந்தால், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே வெடிக்கும். அடியில் குமிழ் போல அகன்றிருக்கும் பைல் அஸ்திவாரம் இப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்றது. ஒரு இன்ஜினீயரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். பேஸ்மட்டத்தின் உயரத்தையும் குறைக்காதீர்கள். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிற ஊர் நம்முடையது.

2. செங்கல் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு நல்ல வழி. இந்தியாவில் இதைப் பரப்பியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர். வழக்கமாகப் படுக்க வைக்கும் கல்லை இதில் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், கலவையும் குறையும். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சூடு உள்ளே இறங்கத் தாமதமாகும். ஆனால் கல் ஒரே அளவில், முனை மழுங்காமல் இருக்க வேண்டும். தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். 3 அடி உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. அடி வரிசை, ஜன்னலுக்குக் கீழ், தளத்துக்குக் கீழ் ஆகிய இடங்களில் மட்டும் வெற்றிடம் விடாமல் கட்டச் சொல்லுங்கள். கரண்ட் பைப் எங்கெங்கே போகும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு உளி வைத்து வெட்டினால் இந்தச் சுவர் தாங்காது.

3. மனையிலேயே நல்ல மண் கிடைத்தால் சூளைக் கல்லே வேண்டியதில்லை. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்தி எடுக்கும் மண் கல் போதும். ஆரோவில்லில் இப்படிக் கட்டிய கட்டடங்களை நேரில் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள மண் கட்டுமான நிறுவனத்தில் பயிற்சியும் தருகிறார்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வேர் ஓடும் மேல் மண்ணை நீக்கிவிட்டு, அடி மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்வாசி போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று படியும். மணல் அதிகமாகவும் களி அளவாகவும் இருந்தால் அந்த மண் சரிப்படும். களியே மிகுந்திருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தி எடுத்த கல்லை 4 வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் கட்டி, மழையில் கரைகிறது என்று மண்ணைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

4. கான்கிரீட் தளத்தில் பாரத்தை அழுத்தத்தில் தாங்குவது மேல் பாதிக் கான்கிரீட்; கீழே இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பியைச் சுற்றி மூடியிருப்பது தவிர, கீழ்ப் பாதியில் உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் போடுவதுதான் ஃபில்லர் ஸ்லாப். பழைய ஓடு போதும். தளத்தின் எடையும் குறைகிறது. கம்பி இடைவெளியை இன்ஜினீயர்தான் கணக்குப் போட வேண்டும். ஓட்டை முதல் நாளே ஊற வைக்க மறந்தால், அது கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

5. நல்ல கல்லால் கட்டிய சுவருக்கு வெளிப்பூச்சு கட்டாயமில்லை. இடுக்கு மட்டும் பூசினால் போதும். பூச்சு இல்லையென்றால் பெயிண்ட்டும் இல்லை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபெயிண்ட்டும் இல்லை. சாரல் நேராக அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் தாழ்வாரத்தை நீட்டி விடுங்கள்.

6. ஒரே அளவு இடத்துக்குச் சுவரைவிட ஜன்னலுக்கு ஆகும் செலவு பல மடங்கு. படிக்கட்டு, சமையலறைப் பின்பக்கம் போன்ற இடங்களில் செங்கல்லாலேயே ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலி போதும். கம்பியும் கண்ணாடியும் மிச்சம். கொசு வலையை உள்பக்கம் அடித்துக்கொள்ளுங்கள்.

7. காரைக்குடி பக்கம் பழைய வீடு பிரித்த நிலை, கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் விற்கிறார்கள். வேலைப்பாடு உள்ளதைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பழம்பொருள் விலை. வேலைப்பாடு இல்லாத தேக்குக் கதவுதான் நமக்கு. முதலில் கதவை வாங்கிவிட்டு, அதன் அளவுக்குச் சுவரில் வாசல் விடுங்கள். நான் தலைகீழாகச் செய்து, நல்ல நிலையில் மூன்று அங்குலம் அறுக்க வேண்டியதாயிற்று.

8. லாஃப்ட்டுக்கும் சமையல் மேடைக்கும் கடப்பா கல். சென்ட்ரிங் செலவே கிடையாது.

9. கப்பல் கன்டெய்னர் வீடு படத்தில் அழகாக இருக்கும். 20 அடிக் கன்டெய்னரின் அகலம் 8 அடிதான். உள்ளே வெப்பத் தடுப்பும் மேலே தனியாக ஒரு நிழல் கூரையும் போடாவிட்டால் சித்திரை மாதத்தில் அது அடுப்பு. அதற்கெல்லாம் செலவழித்த பிறகு மிச்சம் என்ன என்று கூட்டிப் பார்த்து இறங்குங்கள்.

10. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் ஊரில் பெரிய செப்டிக் டேங்க் தேவையில்லை. ஒன்றுக்கொன்று 1 மீட்டர் தள்ளி, சுவரில் துளை விட்ட இரண்டு குழிகள் போதும். ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்புங்கள். இரண்டு வருஷம் விட்டுத் திறந்தால் வாடையில்லாத எரு. கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் தள்ளியே தோண்ட வேண்டும்.

11. கிராமத்தில் குடிசையில் இருப்பவர்களுக்கு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறார்கள். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

12. இதையெல்லாம் சொன்னதும் மேஸ்திரி, "அது நம்ம ஊருக்கு நிக்காதுங்க" என்பார். பழகாத வேலை நேரம் பிடிக்கும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசியவருக்கு அது நஷ்டம். எனவே இந்த வேலைக்கு நாள் கூலி பேசுங்கள். வீட்டில் தொடங்காமல், மோட்டார் ரூம் ஒன்றை எலிப்பொறிக் கட்டில் கட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது சுவரில் அவருக்குக் கை பழகிவிடும்.