வெயில் இங்கே, வெள்ளம் அங்கே: அருவிக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

ஆண்டிபட்டியில் வெயில் மண்டையைப் பிளக்கும். புளியோதரை கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றி, பெரியகுளம் தாண்டி கும்பக்கரை போய் இறங்கினால், "அருவியில வெள்ளம், இன்னைக்குக் குளிக்க அனுமதி இல்லை" என்பார்கள் வனத்துறையினர். "துளி மழைகூட இல்லையே சார், எதுக்குத் தடை?" என்று கோபப்படுபவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

கோபம் நியாயம்தான். ஆனால் கும்பக்கரைக்கு வரும் தண்ணீர் கும்பக்கரையில் பெய்த மழை அல்ல. மேலே கொடைக்கானல் மலையில் வட்டக்கானல், பாம்பார்புரம் பக்கம் பெய்வதுதான் கீழே இறங்கி வருகிறது. கம்பம் அருகே சுருளி அருவிக்கும் அதே கதை: மேகமலை, தூவானம் பகுதியில் மழை கொட்டினால் இங்கே வெள்ளம். நம் ஆண்டிபட்டி வட்டத்திலேயே, கோம்பைத்தொழு பக்கம் இருக்கும் சின்னச்சுருளிக்கும் மேகமலைதான் தாய்வீடு. அதனால் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலை மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அதற்குக் கையில் இருக்கும் செல்போனே போதும். தமிழ்நாடு அரசின் 'டிஎன்-அலெர்ட்' செயலியில் மழை முன்னறிவிப்பு, எச்சரிக்கைகள், அணை நீர்மட்டம் எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். தேனிக்கு மட்டும் பார்த்தால் போதாது. கும்பக்கரை போகிறவர்கள் கொடைக்கானலின் முன்னறிவிப்பையும் பாருங்கள். கிளம்பும் அன்று காலையில், அந்த அருவி எந்த வனச்சரகத்தில் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "இன்னைக்குத் திறந்திருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். வெள்ளம் மட்டுமல்ல, யானை நடமாட்டம் இருந்தாலும் சுருளியை மூடுவது வழக்கம். முந்தின நாள் கேட்ட பதில் மறுநாளைக்குச் செல்லாது.

குளித்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு கண் தண்ணீர் மேலேயே இருக்கட்டும். தெளிவாக இருந்தது கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறுங்கள். துண்டு, செருப்பு, சோப்பு டப்பா எல்லாம் போகட்டும்.

மேகமலை வேறு கணக்கு. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற இந்த மலை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். சாலையில் வனத்துறை சோதனைச் சாவடி உண்டு. இரவில் போக விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆற அமரக் கிளம்பினால் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதுதான். விடியற்காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். பாலிதீன் பையும் பிளாஸ்டிக் டம்ளரும் வீட்டிலேயே இருக்கட்டும். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும்.

இனி நடைப்பயணம். 2018 மார்ச் 11-ஆம் தேதியை தேனி மாவட்டம் மறக்காது. குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் சேர்ந்தால் தீ நம் ஓட்டத்தைவிட வேகமாக ஏறும். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள். குரங்கணி-சாம்பலாறும் அதில் ஒன்று. இணையதளத்திலேயே நாள் பார்த்து, பணம் கட்டி, பதிவு செய்யலாம். உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எளிய பாதை மட்டும்தான், அதுவும் பெற்றோருடன். தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவைப்பார்கள். "எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும்" என்று யாராவது கூப்பிட்டால், தெரிந்தவராகவே இருந்தாலும் போக வேண்டாம்.

கும்பக்கரையைப் பார்த்த கையோடு கொடைக்கானலும் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் இ-பாஸ் எடுக்க மறந்துவிடுகிறார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். சிக்னல் இருக்கும் ஊரிலேயே எடுத்து, போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கே வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112-க்கு அழைப்பு போகும். முயன்று பாருங்கள்.

அருவி மூடியிருந்தால் பிள்ளைகள் முகம் சுருங்கும். அதற்குத்தான் பக்கத்திலேயே வைகை அணை இருக்கிறது. 1959-இல் காமராஜர் திறந்துவைத்த அணை. இரு கரையிலும் பூங்கா. பிள்ளைகள் ஓடியாட இடம் தாராளம். இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: அணையின் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அதன் பிறகு உபரிநீர் திறக்கப்படும். எச்சரிக்கை வந்த நாளில் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அணைக்குக் கீழே ஆற்றில் குளிக்க இறங்காதீர்கள்.