பழைய பாட்டிலில் ஸ்குவாஷ் ஊற்றுவதற்கு முன்



மழைக்காலத்தில் புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை வரத்து கூடி விலை விழும்போது, நம் குழுக்களில் ஸ்குவாஷ், ஊறுகாய் வேலை சூடு பிடிக்கும். அப்படி ஒரு சமயத்தில் நம் குழு ஒன்று இருநூறு பாட்டில் ஸ்குவாஷ் போட்டது. கடன் வாங்கிப் போட்டது. சீனி அளவு சரி, எலுமிச்சைச் சாறு அளவு சரி, பயிற்சியில் சொன்னபடி எல்லாம் சரி. மூன்றாவது வாரம் கடைக்காரர் போன் செய்தார். "மேடம், மூடி தானா தெறிக்குது, கள்ளு வாடை அடிக்குது." ஒரு வீட்டிலிருந்து இன்னும் மோசமான செய்தி வந்தது. டம்ளரில் ஊற்றினால் பினாயில் வாசனை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது குழு உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "நல்லாத்தான் கழுவுனோம் மேடம், சாம்பல் போட்டுத் தேய்ச்சோம்" என்றார் ஒரு அக்கா. அவர் சொன்னது பொய்யில்லை. பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. தவறு எங்கள் பக்கமும் உண்டு. இரண்டு நாள் பயிற்சியில் பாகு பதம் பற்றி அரை நாள் பேசினோம். பாட்டிலைப் பற்றி "சுத்தமாகக் கழுவி உபயோகிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அந்த ஒரு வரியைத்தான் இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பினாயில் விஷயம். பழைய பாட்டில் கடைக்கு வருகிற பாட்டில் எந்த வீட்டில், எதற்கு இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. மண்ணெண்ணெய், பெயிண்ட் கலக்கும் தின்னர், ஆசிட், பினாயில் எல்லாவற்றையும் நம் ஆட்கள் ஜூஸ் பாட்டிலில்தான் ஊற்றி வைக்கிறார்கள். கிருமியைக் கொதிக்கிற தண்ணீர் கொல்லும். ரசாயனத்தைக் கொல்லாது. ஆகவே கழுவுவதற்கு முன்னால் பொறுக்க வேண்டும். பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வாயை மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். திறந்தவுடன் மோந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ மருந்து வாடையோ சிறிது வந்தாலும் அந்தப் பாட்டில் வேண்டாம். வாடையே இல்லாத விஷமும் உண்டு என்பதால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பாட்டிலை மட்டும் வாங்குவது இன்னும் நல்லது. கல்யாண மண்டபம், ஹோட்டல், ஜூஸ் கடை ஆகிய இடங்களில் நேரடியாகப் பேசி எடுக்கலாம்.

பூச்சிமருந்து இருந்த பாட்டிலை எந்தக் காரணத்துக்கும் தொட வேண்டாம். அதை மறுபடி யாரும் உபயோகிக்காதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தூரமாகப் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன.

மதுபாட்டில் பற்றியும் கேட்கிறீர்கள். கண்ணாடி என்ற அளவில் அது நல்ல கண்ணாடிதான். ஆனால் நாம் விற்கிற ஸ்குவாஷ் அந்த உருவத்தில் வீட்டுக்குள் போவதை எந்த அக்காவும் விரும்ப மாட்டார். கம்பெனி பெயர் பொறித்த பாட்டிலில் நம் பொருளை விற்பதும் சரியில்லை. காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. அது அந்த வழியில் போகட்டும்.

பிளாஸ்டிக் பாட்டில் கூடவே கூடாது. கொதிநீர் பட்டால் சுருங்கிவிடும், உள்ளே கீறல் விழுந்து அழுக்கு தங்கும், பழைய வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொறுக்கிய கண்ணாடி பாட்டிலின் வாயில் விரலை விட்டுத் தடவாதீர்கள். பழைய நைலான் சேலைத் துணியால் சுற்றித் தடவுங்கள். உடைந்த விளிம்பு இருந்தால் நூல் மாட்டும். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முடி மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். கொதிக்கும்போது அங்கேதான் பிளக்கும்.

இனி கள்ளு வாடை. காற்றிலும் பழத்தோலிலும் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர் உண்டு. இட்லி மாவு பொங்குவதும், பதநீர் கள்ளாவதும் இந்த வகை வேலைதான். பாட்டில் கழுத்துக்கு உள்பக்கம், மூடி திருகும் மரைக்குக் கீழே பழைய ஜூஸின் சீனிப்பசை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். அதில் இந்த உயிர்கள் குடியிருக்கும். நம் குழு கழுவிய நாளில் வெயில் வேறு இல்லை. உள்ளே ஈரம் நின்றது. அந்தத் தண்ணீர் கலந்த இடத்தில் பாகு நீர்த்துப் போகும். அதுங்களுக்கு இதுபோதும். சீனியைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் உண்டாக்கும். மூடிய பாட்டிலுக்குள் வாயு போக வழியில்லாமல் மூடி தெறிக்கும், சில சமயம் பாட்டிலே வெடிக்கும். பொங்குவது தெரிந்தால் முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். தடித்த துணியால் மூடிப் பிடித்து, மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள். கே.எம்.எஸ். மருந்தைக் கூடப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு அளவு உண்டு.

சாம்பலும் மணலும் வேண்டாம். மண்ணிலேயே கிருமி இருக்கிறது, மணல் கண்ணாடியைக் கீறும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு, குடத்துக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, பாட்டிலை ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள். லேபிள் தானாக உரியும். (அலுமினிய அண்டாவில் ஊற வைக்காதீர்கள், சோடா அதை அரித்துக் கறுப்பாக்கும்.) கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். காலையில் நீள பாட்டில் பிரஷ்ஷால் கழுத்துப் பகுதியை மட்டும் தனியாக ஒரு தடவை தேயுங்கள். பிரஷ் எட்டாத அடிமூலைக்கு ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் படிவு விட்டுவிடும். போர் தண்ணீரின் வெள்ளை உப்புக்கறைக்கு பிழிந்த எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் போதும். ஒரு எச்சரிக்கை: எலுமிச்சையோ வினிகரோ பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது. விஷவாயு கிளம்பும். கடைசியாக நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

அடுத்தது கொதிக்க வைப்பது. இதைத்தான் நம் குழு செய்யவில்லை. அண்டா அடியில் மடித்த கோணியோ துணியோ போட்டு, பாட்டிலுக்குள் தண்ணீர் நிரப்பி நிற்க வையுங்கள். பாட்டில் முழுக்க முங்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் வைத்துத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் குளிர்ந்த பாட்டிலைப் போட்டால் பட்டென்று உடையும். கொதி வந்தபின் 10 நிமிடம். மலைமேல் இருக்கிற குழுக்கள் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இடுக்கியால் எடுத்து, உலர்ந்த சுத்தத் துணியில் கவிழ்த்து வையுங்கள். ஈரச் சிமெண்ட் தரையில் வைத்தால் அடி விட்டுப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகு, அன்றைக்கே நிரப்புங்கள். மேலே ஒரு அங்குலம் இடம் விடுங்கள். ஊறுகாய் பாட்டிலில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது.

பாட்டில் பழசாக இருக்கலாம், மூடி புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய மூடியின் உள்தக்கையில் பசை இருக்கும், இறுக்கமாகவும் பிடிக்காது.

பினாயில், சோப் ஆயில் தயாரிக்கிற குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. குடிக்கிற பொருளின் பாட்டிலில் அவற்றை நிரப்பாதீர்கள். குழந்தைக்கு நிறம்தான் தெரியும், லேபிள் தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குக் கூப்பிடுங்கள்.

அந்தக் குழுவோடு உட்கார்ந்து பிறகு கணக்குப் போட்டோம். பழைய பாட்டில் புதியதை விட மலிவுதான். ஆனால் விறகு, சோடா, உடைந்தது, வாடை வந்து ஒதுக்கியது, புது மூடி எல்லாவற்றையும் எழுதினோம். பன்னிரண்டு பேர் ஒரு நாள் முழுக்கக் கழுவியதை மட்டும் யாரும் எழுதவில்லை. "அது நம்ம வேலைதான மேடம்" என்றார்கள். அன்று நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் கூலி வந்திருக்கும் அல்லவா என்று கேட்டோம். அந்தக் கூலியையும் சேர்த்தபோது புது பாட்டிலுக்கும் பழையதுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. இப்போது அவர்கள் கடைக்கு விற்பதைப் புது பாட்டிலிலும், தங்கள் வீட்டுக்கும் சந்தையில் தெரிந்தவர்களுக்கும் போடுவதைத் திரும்பி வருகிற தங்கள் சொந்தப் பாட்டிலிலும் நிரப்புகிறார்கள். சொந்தப் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தருகிறார்கள். கடன் தவணையில் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் குழுவில் பாட்டில் உடைந்ததோ, பொங்கியதோ, வேறு வழி கண்டுபிடித்ததோ இருந்தால் பிரதிநிதி மூலம் எழுதி அனுப்புங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் நீள பாட்டில் பிரஷ் ஆறு வாங்கி வைத்திருக்கிறோம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம்.