நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாத மருத்துவக் கல்லூரிக்குப் போகுமுன்

அமெரிக்காவில் பாத மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்த மாணவருக்கு வந்து சேரும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கோடை முழுக்கக் கையில் இருக்கிறது, வகுப்பு தொடங்குமுன் உடற்கூறியலை ஒரு சுற்று முடித்துவிடு. வீடு பார்ப்பது, பணம் புரட்டுவது, தடுப்பூசிச் சான்றிதழ் சேர்ப்பது எல்லாம் கடைசி இரண்டு வாரத்தில் ஓடியாடி முடித்துவிடக்கூடிய சில்லறை வேலைகள் என்பது இந்த அறிவுரையின் சொல்லப்படாத மறுபாதி. பிள்ளை புத்தகமும் கையுமாக இருந்தால் பெற்றோருக்கும் நிம்மதி. இரண்டு பாதியுமே தவறு என்பது என் வாதம். பாடத்தை முன்கூட்டிப் படிப்பதால் கிடைக்கும் லாபம் சொற்பம். சில்லறை என்று ஒதுக்கப்படும் வேலைகளோ தமக்கென்று ஒரு நாள்கணக்கு வைத்திருப்பவை. நாம் அவசரப்பட்டால் அவை அசைந்து கொடுப்பதில்லை.

முதலில் படிப்பைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பிரிட்டனில் பாத மருத்துவம் என்பது பள்ளி முடித்து நேரே சேரும் இளநிலைப் பட்டம். இங்கிலாந்தில் வழக்கமாக மூன்று ஆண்டு. அமெரிக்காவில் அப்படியில்லை. இளநிலைப் பட்டம் முடித்து, பெரும்பாலும் மருத்துவப் படிப்புக்கான எம்கேட் நுழைவுத் தேர்வும் எழுதி, அதன்பிறகு நான்கு ஆண்டு படித்து டி.பி.எம். பட்டம் வாங்க வேண்டும். அதற்கும் மேலே மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. முடித்து வருபவர் பாத எலும்பு முறிவையும் சர்க்கரை நோயாளியின் ஆறாத புண்ணையும் கத்தி எடுத்துச் சரிசெய்யத் தகுதி பெற்றவர். நாடு முழுவதற்கும் இத்தகைய கல்லூரிகள் 11தான். ‘எம்.டி. கிடைக்காதவர்கள் போகும் இடம், அதனால் படிப்பும் லேசாகத்தான் இருக்கும்’ என்று நம் குடும்பங்களில் அடிபடும் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது: உள்ளே நுழையத் தேவைப்படும் எம்கேட் மதிப்பெண் சராசரியாகக் குறைவுதான். ஆனால் நுழைவு எளிது என்பதிலிருந்து படிப்பு எளிது என்று முடிவுகட்ட முடியாது. டெ மொய்ன் பல்கலைக்கழகத்திலும் கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் அடிப்படை அறிவியல் பாடங்கள் பலவற்றை பாத மருத்துவ மாணவர்கள் ஆஸ்டியோபதி (டி.ஓ.) மருத்துவ மாணவர்களோடு ஒரே அரங்கில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் தேசியத் தேர்வின் முதல் பகுதி காத்திருக்கிறது. வாசல் அகலமாக இருந்து படிக்கட்டு செங்குத்தாக இருக்கும் இடத்தில் ஆயத்தம் அதிகமாகவே வேண்டும். எந்த ஆயத்தம் என்பதுதான் கேள்வி.

முன்படிப்பு அந்த ஆயத்தம் ஆகாது என்பதற்கு நினைவாற்றல் ஆய்வுகளே சாட்சி. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து 1885இல் வெளியிட்ட நூலிலேயே, திரும்பத் தொடாத பாடம் முதல் சில நாட்களிலேயே எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று காட்டினார். கால் பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உள்ளங்காலின் தசைகள் மட்டும் நான்கு அடுக்கு. ஜூனில் இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு, பல கல்லூரிகளில் முதலாண்டின் பிற்பகுதியிலோ அதற்கும் பின்னரோ வரும் கால் உடற்கூறியல் வகுப்பில் எத்தனை மிச்சமிருக்கும்? அதைவிட முக்கியமானது 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனை. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, வாசிப்பைக் குறைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே வெகுவாக முந்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் திரும்ப வாசித்தவர்கள்தான். கோடையில் தடித்த புத்தகத்தை வண்ணப் பேனாவால் கோடிட்டு முடிப்பதில் கிடைக்கும் தன்னம்பிக்கை இந்த ரகம். அது செப்டம்பரில், வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து விழும்போது, ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று ஒரு அத்தியாயத்தைத் தள்ளிப்போடவும் தூண்டும்.

அறிவியலை விட்டு நாலைந்து ஆண்டு ஆனவர்கள், இலக்கியமோ பொருளாதாரமோ முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் என்ன செய்வது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவர்களுக்கும் என் பதில் புத்தகம் அல்ல, பழக்கம். தினம் முப்பது நிமிடம், ஏதாவது ஒரு சிறு பகுதியை, ஆங்கி போன்ற கேள்வி அட்டைச் செயலியில் போட்டு, இடைவெளி விட்டு நினைவுகூரும் வழக்கத்தைக் கோடையிலேயே பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி மறந்துபோனாலும் பழக்கம் கூட வரும். வகுப்பு தொடங்குமுன் கல்லூரியே நடத்தும் ஆயத்த வகுப்புக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போகலாம். பாடம் எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை வேறெங்கும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. இதற்கு மேல் போவது, என் கணக்கில், பயத்தைப் படிப்பு என்று பெயர்மாற்றி வைப்பதுதான்.

இனி சில்லறை வேலைகளுக்கு வருவோம். பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில், வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் போதும் என்பது ஒரு நம்பிக்கை. பாத மருத்துவத்தைப் பொறுத்தவரை இது பலரைக் கவிழ்க்கக்கூடியது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒஹாயோவின் கென்ட் நகரில் இருக்கிறது. அதன் பாத மருத்துவக் கல்லூரியோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, கிளீவ்லாந்தின் புறநகரான இண்டிபெண்டன்ஸில். காரணம் எளிது: அது ஒஹாயோ பாத மருத்துவக் கல்லூரி என்று தனித்து இயங்கிவந்து, 2012இல்தான் கென்ட் ஸ்டேட்டோடு இணைந்தது, கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழக முதன்மை வளாகம் நகரின் வடபகுதியில். பாத மருத்துவப் பள்ளி நகர மையத்தில், சைனாடவுன் ஓரமாக. ஷோல் கல்லூரி இருக்கும் நார்த் சிகாகோவைச் சிகாகோவின் வட பகுதி என்று நினைத்துக்கொண்டு நகருக்குள் வீடு எடுத்தால் தொலைந்தது. அது நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே, கடற்படைப் பயிற்சித் தளத்தை ஒட்டிய தனி ஊர். (கடைகளில் காலணிக்குள் வைக்கும் மெத்தைகளின் உறையில் பார்க்கிறோமே, அதே வில்லியம் ஷோல்தான் 1912இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்.) டெக்ஸாஸின் ரியோ கிராண்டே வேலி பல்கலைக்கழகம் பள்ளத்தாக்கு முழுக்கப் பல ஊர்களில் பரந்து கிடக்கிறது, 2022இல் முதல் வகுப்பைச் சேர்த்த அதன் பாத மருத்துவப் பள்ளி ஹார்லிஞ்சனில். அங்கே கார் இல்லாமல் குப்பை கொட்ட முடியாது. நியூயார்க்கின் ஹார்லத்தில் இருக்கும் கல்லூரிக்குப் போகிறவருக்குக் காரே தலைவலி. சுரங்க ரயில் போதும்.

‘சீனியர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்’ என்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் சீனியர்களின் தகவலுக்கும் வயதாகும். டெ மொய்ன் பல்கலைக்கழகம் 2023இல் தன் பழைய நகர வளாகத்தை விட்டு வெஸ்ட் டெ மொய்னில் கட்டிய புது வளாகத்துக்கு மாறிவிட்டது; பழைய வளாகத்தைச் சுற்றி எந்தத் தெருவில் வாடகை மலிவு என்று பட்டம் வாங்கிப்போனவர் அன்போடு எழுதித் தரும் குறிப்பு இப்போது வரலாற்று ஆவணம் மட்டுமே. கல்லூரி அனுப்பும் சேர்க்கைக் கடிதத்தில் உள்ள தெரு முகவரியை வரைபடத்தில் போட்டு, காலை ஏழரை மணிக்கு அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தைச் சாலையில் விடுபவர், கோடையில் சேர்த்துவைத்த படிப்பையெல்லாம் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடுவார்.

பண விஷயத்தில் வேரூன்றிய நம்பிக்கை, ‘கடன் வந்துவிடும், குடிபெயரும் செலவை அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கல்விக் கடன், பருவம் தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் கைக்கு வராது, விதியே அப்படி. அதுவும் முதலில் கல்லூரிக் கட்டணத்துக்குக் கழித்துக்கொள்ளப்பட்டு, மிச்சம்தான் மாணவருக்கு. வீட்டுக்காரரோ சாவி கொடுக்குமுன்பே முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்பார். நியூயார்க்கில் மாத வாடகையைப் போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வது வழக்கம். வருமானமே இல்லாத மாணவர் அதற்கு இரு மடங்கு காட்டக்கூடிய ஜாமீன்தாரரைத் தேட வேண்டியிருக்கும். ஆக முதல் ஆறு வாரச் செலவு கடனுக்கு வெளியே, கையில் ரொக்கமாக இருந்தாக வேண்டும். புத்தகம் படிக்க ஒதுக்கும் அந்தக் கோடையில் இரண்டு மாதம் எங்காவது வேலை பார்த்துச் சேர்ப்பதுகூட இதைவிடப் பயனுள்ள ஆயத்தம் என்றே சொல்வேன். கடனின் உச்சவரம்பும் மாறிவிட்டது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் தொழிற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர்தான் எல்லை. முழுச் செலவையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இல்லை. பல தனியார் கல்லூரிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் அந்த 50,000ஐத் தாண்டும். மீதிக்குத் தனியார் வங்கிதான் கதி. அங்கே கடன் வரலாறும் கூட்டுக் கையொப்பமும் கேட்பார்கள். ‘இதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார்’ என்று விடுவதில் ஒரு சிக்கல்: கூட்டுக் கையொப்பம் போடும் அப்பாவின் பெயரிலும் அந்தக் கடன் ஏறும். அதைப் பேசி முடிவெடுக்க ஏற்ற மாதம் ஏப்ரல். ஆகஸ்ட் வந்துவிட்டால் பேச நேரமிருக்காது.

தடுப்பூசிதான் யாரும் பொருட்படுத்தாத பகுதி. நாட்காட்டிக்கு முழுக்கக் கட்டுப்பட்ட பகுதியும் அதுவே. நோயாளியைத் தொடுமுன் ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றலை ரத்தப் பரிசோதனையில் நிரூபிக்கச் சொல்வது சுகாதாரக் கல்லூரிகளின் பொதுவான நடைமுறை. வழக்கமான ஊசி வரிசை மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். அதற்கும் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் எதிர்ப்பாற்றலை அளந்து பார்க்க வேண்டும். ஜூலையில் விழித்துக்கொண்டவருக்கு ஆகஸ்டில் இது முடியாது. நாலு வார இடைவெளியில் இரண்டே தவணையில் முடியும் புதுவகை ஊசி அமெரிக்காவில் கிடைக்கிறது என்பது மட்டுமே ஆறுதல். அம்மை ஊசியைப் போட்டுக்கொண்டால் காசநோய்ப் பரிசோதனையை அதே நாளில் செய்ய வேண்டும், இல்லையென்றால் நாலு வாரம் பொறுக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்தவருக்கு இன்னொரு முடிச்சு உண்டு. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் விளைவாக, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனையில் வீக்கம் வந்து, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். பி.சி.ஜி. பாதிக்காத ரத்தப் பரிசோதனை இருக்கிறது; அதை ஏற்றுக்கொள்வார்களா என்று கல்லூரியிடம் முன்பே கேட்டுவிட்டால் தீர்ந்தது. மாணவர் விசாவில் வருகிறவர் படிப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதால், இந்த ஊசிக் கணக்கையெல்லாம் ஊரிலேயே முடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய, முத்திரையிட்ட சான்றோடு விமானம் ஏறுவதே புத்தி.

கடைசியாக ஒன்று. ‘ஒரு தடவை கஷ்டப்பட்டுக் குடிபோய்விட்டால் நாலு வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று நம்பி, நல்ல கட்டிலும் சோஃபாவும் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வசதியுள்ள குடும்பங்களில் வீடே வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. முதல் இரண்டு ஆண்டு அப்படி ஒரே இடத்தில் கழியலாம். நான்காம் ஆண்டிலோ, பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மருத்துவமனைகளுக்கே மாதம் ஒன்றாகப் போய் வேலை செய்து காட்டுவது வழக்கம். அவை நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம். அதற்கடுத்த மூன்றாண்டுப் பயிற்சி எந்த ஊரில் என்பதை, மாணவர்களின் விருப்பத்தையும் மருத்துவமனைகளின் விருப்பத்தையும் பொருத்திப் பார்க்கும் பட்டியல் முடிவு செய்யும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், இடையில் உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று ஒரு வரி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சோஃபாவைப் பொறுத்தவரை, கிளம்பிப்போகும் நான்காம் ஆண்டு மாணவர்கள் பாதி விலைக்கு விற்பார்கள்.